விடாக்கண்டன் டொமகோய் விடா: எங்கே நிறுத்தினாலும் ஆடியவர்

பந்துக்காரன்:

தூக்கம் வராத இரவுகளில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். நேற்று மாட்டியது 2018 உலகக் கோப்பைக் காலிறுதி. ரஷ்யாவும் குரோஷியாவும், ஜூலை 7, சோச்சி. அன்று நேரலையில் பார்த்தபோது என் கண் குரோஷிய அணித்தலைவர் மோட்ரிச்சை மட்டும்தான் தேடியது. இந்த முறை வேறோர் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் முடியைப் பின்னால் குடுமியாகக் கட்டிய 21ஆம் எண் சட்டைக்காரர், குரோஷியாவின் தற்காப்பு ஆட்டக்காரர் டொமகோய் விடா.

நிலைமையைச் சொல்கிறேன். 90 நிமிடம் முடியும்போது ஒன்றுக்கு ஒன்று. பயிற்சியாளர் டாலிச் மூன்று மாற்று ஆட்டக்காரர்களையும் இறக்கியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கோல்கீப்பர் சுபாஷிச் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடுதல் நேரத்துக்கு இன்னும் ஒரே ஒரு மாற்று அனுமதி உண்டு. அதைக் கோல்கீப்பருக்காகப் பத்திரப்படுத்தலாம் என்று பார்த்தால், 97ஆவது நிமிடத்தில் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாளர்) வ்ரசால்கோ காயம்பட்டு வெளியேறுகிறார். இருந்த ஒன்றும் அவருக்கே போனது. உள்ளே வந்த சோர்லுக்கா சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாளர். அதனால் அதுவரை நடுவில் நின்ற விடா வலது ஓரத்துக்கு நகர்ந்தார்.

கோல்கீப்பர் நொண்டுகிறார், தற்காப்பு வரிசை கலைந்து மாறியிருக்கிறது, எதிரே சொந்த மண்ணில் ரஷ்யா. நாலே நிமிடம். மோட்ரிச் கார்னர் அடித்தார், விடா தலையால் இடித்தார், கோல். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடி, மஞ்சள் அட்டையையும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

115ஆவது நிமிடத்தில் ரஷ்யாவின் மாரியோ ஃபெர்னாண்டஸ் அதைச் சமன் செய்தது வேறு கதை. பெனால்டி ஷூட் அவுட்டில் குரோஷியாவுக்கு நாலாவதாக அடிக்க வந்தவரும் இதே விடாதான். அதையும் உள்ளே போட்டார். ஐந்தாவதை ராகிடிச் போட்டு முடித்துவைத்தார்.

இந்த மனிதருக்கு நம் மன்றத்தில் ஓர் உரையாடல் இழைகூட இல்லை. மோட்ரிச்சுக்குப் பதினேழு இழை இருக்கிறது (எண்ணிப் பார்த்தேன்). கேள்வி இதுதான்: “எங்கே போட்டாலும் ஆடுவான்” என்று ஒரு டிஃபெண்டரைச் சொன்னால் அது பாராட்டா, ஆறுதலா?

நேரடி உதை:

ஆறுதல். சந்தேகமே வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் ஆகும் ஆள் எந்த இடத்துக்கும் முதல் ஆள் கிடையாது. 2014 உலகக் கோப்பை அணியில் விடா இருந்தார். அதே 21ஆம் எண். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்கு முன் 2010இல் ஜெர்மனியின் லெவர்குசனுக்குப் போனார். ஒரு சீசனில் லீகில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஐரோப்பாவின் பெரிய ஐந்து லீகில் அவர் கணக்கு அவ்வளவுதான். ஒரு கார்னர் கோலுக்காக இழை திறப்பது கொஞ்சம் அதிகம் தலைவரே.

கணக்குப்பிள்ளை:

நேரடி உதை சொன்னது கணக்கில் சரி. ஆனால் பாதிக் கணக்கு. மீதியை நான் எழுதுகிறேன்.

2011இல் லெவர்குசனிலிருந்து தாய்நாடு திரும்பி டைனமோ ஸாக்ரெப். 2011-12 சீசனில் நாட்டின் லீக் பட்டம், கோப்பை இரண்டையும் வென்றார். அந்தக் கோப்பை இறுதியில் எதிரணி யார் தெரியுமா? அவர் வளர்ந்த ஒசியெக் கிளப்.

2013 தொடக்கத்தில் உக்ரைனின் டைனமோ கீவ். 2014-15இல் லீகும் கோப்பையும். அந்த லீகில் கீவ் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அடுத்த ஆண்டும் லீக் பட்டம்.

2018 ஜனவரியில் துருக்கியின் பெஷிக்டாஷ். 2020-21இல் லீகும் கோப்பையும். லீகில் கலாட்டாசராயும் அவர்களும் புள்ளியில் சமம், நேருக்கு நேர் ஆடியதிலும் சமம். கடைசியில் மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோல் கூடுதல் என்று பட்டம் வந்தது. ஒரு டிஃபெண்டருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? சீசன் முழுக்கத் தடுத்ததில் ஏதாவது ஒரு பந்து கூடுதலாக உள்ளே போயிருந்தால் அந்த ஒரு கோல் முன்னிலை போயே போச்சு.

2022இல், 33 வயதில், கிரீஸின் ஏஇகே ஏதென்ஸ். 2022-23இல் மறுபடியும் லீகும் கோப்பையும்.

நாலு நாடு. நாலிலும் ஒரே சீசனில் இரண்டையும் தூக்கியிருக்கிறார். பெரிய லீக் இல்லை என்பது உண்மை. ஆனால் நாலு மொழி, நாலு விதமான பயிற்சியாளர், நாலு விதமான ரசிகர் கூட்டம். எங்கே போனாலும் கோப்பை பின்னாலேயே வருகிறது என்றால் அதைத் தற்செயல் என்று எத்தனை முறைதான் சொல்வது?

நேரடி உதை:

டைனமோ ஸாக்ரெப் லீகை வெல்வது எல்லாம் சாதனையா? அந்தக் காலத்தில் அவர்கள் வெல்லாத ஆண்டைத்தான் செய்தியாகப் போடவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

அதை விட்டுவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். மீதி மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தான்:

வணக்கம் உறவுகளே. ஸாக்ரெப் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பியர்க் கதைதான். 2012 செப்டெம்பரில் கிண்ணப் போட்டி ஒன்றுக்கு அணி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது இவர் பியர் கான் ஒன்றைத் திறந்திருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கிவிட்டார்கள். தண்டம் எவ்வளவு தெரியுமோ? ஒரு லட்சம் யூரோ!

உலகத்திலேயே விலை கூடிய பியர் அதுவாய்த்தான் இருக்கவேணும்.

பந்துக்காரன்:

எனக்கு அது தெரியாது! சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் பாருங்கள், அடுத்த சில மாதத்தில் கீவ் போய்விட்டார். அங்கே ஐந்து ஆண்டு. பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஆள் ஆறு ஆண்டு கழித்து உலகக் கோப்பை இறுதியில் ஆடுகிறார்.

பழைய ஸ்டாப்பர்:

தம்பி பந்துக்காரா, நல்ல இழை. எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வடசென்னையில் பத்துப் பதினைந்து வருடம் ஸ்டாப்பர் பேக்காக ஆடியவன். அந்தக் காலத்தில் சென்டர் பேக் என்று யாரும் சொல்லமாட்டோம், ஸ்டாப்பர்தான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

நடுவில் ஆடுகிறவனுக்கு எப்போதும் பக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. நான் முன்னால் பாய்ந்தால் அவன் பின்னால் விழுவான். இரண்டு பக்கமும் கண் போகவேண்டும், அதுதான் கஷ்டம். ஆனால் ஓட்டம் குறைவு. ஓரத்துக்குப் போனால் கோடு உனக்குத் துணை. எதிராளி அந்தப் பக்கம் போகமுடியாது, பாதி வேலையைக் கோடே செய்யும். ஆனால் உடம்பைத் திருப்பி நிற்கும் கோணம் முழுக்க வேறு. நடுவில் நான் ஆளுக்கு நேராக நிற்பேன். ஓரத்தில் அப்படி நின்றால் ஒரு தட்டில் என்னைத் தாண்டிப் போய்விடுவான். அரைப்பக்கம் திரும்பி, ஒரு காலைப் பின்னால் வைத்து, எந்தப் பக்கம் அனுப்பவேண்டும் என்று நாமே தீர்மானித்து நிற்கவேண்டும். கூடவே மேலே ஓடவேண்டும், பறிபோனால் திரும்ப ஓடிவரவேண்டும்.

ஒரு தடவை லீக் ஆட்டத்தில் எங்கள் ரைட் பேக்குக்கு அடிபட்டது. கோச் என்னைப் போ என்றார். முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கிராஸ் போனது, இரண்டாவதில் கோல். எனக்குக் கால் இருந்த இடத்தில் கண் இல்லை, கண் இருந்த இடத்தில் கால் இல்லை. ஆட்டம் முடிந்து கோச் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அனுப்பியது அவர்தான் என்பதை மறந்துவிட்டார்.

இப்போது அந்த 97ஆவது நிமிடத்தை நினைத்துப் பார். ஆறு நாள் முன்னால் ஜூலை 1ஆம் தேதி டென்மார்க்கோடு 120 நிமிடம் ஆடிவிட்டு வந்த கால். நாற்பதாயிரம் பேர் கத்துகிறார்கள். ஆட்டத்தின் நடுவே இடம் மாறு என்கிறார்கள். மாறிய நாலாவது நிமிடத்தில் ஆள் எங்கே இருக்கிறான்? எதிரியின் பெனால்டி பாக்ஸில்! வழக்கமாகக் கார்னர் எடுக்கும்போது பேக் ஒருத்தன் நடுக்கோட்டுப் பக்கம் காவலுக்கு நிற்பான். இவன் ரைட் பேக் வேலையை வாங்கிக்கொண்டான், ஆனால் கார்னருக்கு ஏறும் ஸ்டாப்பர் வேலையை விடவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தன் செய்தான். கோலைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

பந்துக்காரன்:

அண்ணே, இதைப் படித்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஹெட்டரில் வேகமே இல்லை. ஆட்கள் நடுவே புகுந்து போகிறது, ரஷ்யக் கோல்கீப்பர் ஆகின்ஃபீவ் பார்த்துக்கொண்டே நிற்கிறார். சட்டையைக் கழற்றியதைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

நேரடி உதை:

சரி, அந்த ஆட்டத்தின் கதையை முழுதாகச் சொல்லவேண்டும் அல்லவா? ஆட்டம் முடிந்ததும் வெளிவந்த காணொளியை ஏன் யாரும் சொல்லவில்லை?

கணக்குப்பிள்ளை:

சொல்லலாம், மறைக்க ஒன்றும் இல்லை. அணியின் பணியாளர் குழுவில் இருந்த ஓக்னியென் வுகோயெவிச்சும் விடாவும் சேர்ந்து பேசிய காணொளி. விடா “உக்ரைனுக்கு வெற்றி உண்டாகட்டும்” என்ற பொருளில் முழங்கினார். வுகோயெவிச் அந்த வெற்றியை டைனமோவுக்கும் உக்ரைனுக்கும் என்றார். இருவருமே டைனமோ கீவில் ஆடியவர்கள். ரஷ்யாவை ரஷ்யாவிலேயே வென்ற இரவில் அந்த வார்த்தை. ஃபிஃபா விடாவுக்கு எச்சரிக்கை கொடுத்தது. வுகோயெவிச்சைக் குரோஷியக் கூட்டமைப்பு பொறுப்பிலிருந்தே நீக்கியது, ஃபிஃபா அபராதமும் போட்டது. விடா மன்னிப்புக் கேட்டார், ரஷ்ய மொழியிலேயே.

நான்கு நாள் கழித்து இங்கிலாந்தோடு அரையிறுதி, மாஸ்கோ லுஷ்னிக்கியில். விடா பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கில் கூச்சல். ஒரு தடவைகூட விடவில்லை.

யாழ்ப்பாணத்தான்:

அந்தக் கூச்சல் எனக்கு நல்ல ஞாபகம். தொலைக்காட்சியில் ஒலிபெருக்கி கெட்டுப்போச்சோ என்று நினைத்தேன். 120 நிமிடமும் அப்படித்தான். ஆனால் ஆள் பதறவேயில்லை. இங்கிலாந்தின் முன்கள ஆள் ஹரி கேனுக்கு அன்று பெரிசாய் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லவேணும். 2014 தொடக்கத்தில் கீவில் போராட்டம் வெடித்தபோது மோதல் நடந்த ஹ்ருஷெவ்ஸ்கி தெருவில்தான் டைனமோவின் பழைய மைதானமே இருக்கிறது. வாசலில் டயர் எரிந்தது. அந்த வருஷங்களில் அந்த நகரத்திலே வாழ்ந்தவர். சரி பிழை என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வானத்தில இருந்து விழுந்த வார்த்தை இல்லை அது.

நேரடி உதை:

எங்கே வாழ்ந்தார் என்பது வேறு, உலகக் கோப்பையில் எதிரணி நாட்டில் நின்றுகொண்டு என்ன பேசினார் என்பது வேறு. அணி அரையிறுதிக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் அவரால் எல்லாரும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சக பணியாளருக்கு வேலையே போனது. விடாவுக்கு எச்சரிக்கை மட்டும்! ஆடுகிறவனுக்கு ஒரு நியாயம், கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு ஒரு நியாயம்.

மட்டுறுத்துநர்:

நண்பர்களே, இதற்குமேல் இந்தப் பக்கம் போனால் இழையைப் பூட்டவேண்டி வரும். பந்துக்குத் திரும்புங்கள்.

மஞ்சள் சட்டை:

திருப்பிவிடுகிறேன். நான் கோவை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ரயிலேறி கொச்சி போய் பிளாஸ்டர்ஸ் ஆட்டம் பார்க்கும் ஆசாமி. மார்கோ லெஸ்கோவிச் என்றால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2021இலிருந்து 2024 வரை கேரளா பிளாஸ்டர்ஸில் ஆடிய சென்டர் பேக். 2022இல் கோவாவில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்ற அந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்து அணி. அவரும் ஒசியெக்கில் ஆடி, பிறகு டைனமோ ஸாக்ரெப் போனவர்தான். விடா நடந்த அதே பாதை.

கொச்சியில் லெஸ்கோவிச்சை நேரில் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். பந்து அவர் பக்கம் இல்லாதபோதும் கை நீட்டி ஆளை நகர்த்திக்கொண்டே இருப்பார். பக்கத்தில் இளம் பையன்கள். அவர்கள் நிற்கவேண்டிய இடத்தை இவர் காட்டிக் காட்டி வைப்பார். அவர் இல்லாத ஆட்டங்களில் எங்கள் தற்காப்பு எப்படி இருந்தது என்று சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள விரும்பவில்லை.

பழைய ஸ்டாப்பர்:

நல்ல ஸ்டாப்பருக்குத் தொண்டைதான் மூன்றாவது கால்.

கணக்குப்பிள்ளை:

இந்தியத் தொடர்பு என்றால் இகோர் ஸ்டிமாச்சை விட்டுவிட முடியுமா? 2019 முதல் 2024 வரை நம் தேசிய அணிப் பயிற்சியாளர். அவரே 1998இல் மூன்றாமிடம் பிடித்த குரோஷியாவின் தற்காப்பில் ஆடியவர். இந்தியாவுக்கு வருமுன் 2012-13இல் குரோஷியாவுக்கும் பயிற்சியாளர்.

விடாவின் தேசிய அணிக் காலத்தில் பயிற்சியாளர்கள் மாறிய வரிசையைப் பாருங்கள்: பிலிச், ஸ்டிமாச், நிகோ கோவாச், சாச்சிச், டாலிச். 2010 மே மாதம் வேல்ஸுக்கு எதிராக அறிமுகம், அதுவும் ஒசியெக் ஊரிலேயே. 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அணி வரை பெயர் இருந்தது. யூரோ நாலு, உலகக் கோப்பை மூன்று, நூறு ஆட்டத்துக்கு மேல். ஐந்து பயிற்சியாளரும் பட்டியல் எழுதும்போது ஒரே பெயரை எழுதியிருக்கிறார்கள்.

நேரடி உதை:

நூறு ஆட்டம் என்றால் தாரியோ சிமிச்சைப் பேசுங்கள். குரோஷியாவுக்கு முதன்முதலில் நூறு தொட்டவர் அவர்தான். அவரும் ரைட் பேக், சென்டர் பேக் இரண்டும் ஆடியவர். இத்தாலியின் இன்டர் கிளப்பில் ஆடினார், பிறகு அதே ஊரின் எதிர்வீட்டு ஏசி மிலனுக்கே போனார். மிலனோடு 2003, 2007 சாம்பியன்ஸ் லீக். 1998இல் இருபத்திரண்டு வயதில் உலகக் கோப்பை மூன்றாமிடம். பல இடம் ஆடும் குரோஷிய டிஃபெண்டர் என்று ஒருவருக்கு இழை திறக்கவேண்டுமானால் அது சிமிச்.

பந்துக்காரன்:

சிமிச்சுக்குத் தனி இழை நீங்களே திறங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். இரண்டு கோப்பையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மிலனில் மல்டினி, நெஸ்டா, கஃபூ, ஸ்டாம் என்று பெரிய டிஃபெண்டர்கள் எல்லாரும் இருந்தார்கள். சிமிச் அங்கே ஓட்டை அடைக்கும் ஆள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் விதிப்படியே பார்த்தால் அவரும் “எந்த இடத்துக்கும் முதல் ஆள் கிடையாது” அல்லவா? அவருக்கு மட்டும் எப்படிப் பாராட்டு?

நேரடி உதை:

…யோசித்துவிட்டு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தான்:

ஹாஹா. தம்பி மாட்டுப்பட்டுட்டார்.

கணக்குப்பிள்ளை:

அவர் யோசிக்கட்டும். குரோஷியாவிலிருந்து இப்படி ஆட்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று நான் ஒன்று நினைத்துவைத்திருக்கிறேன்.

மக்கள் தொகை நாற்பது லட்சத்துக்கும் கீழே. சென்னைப் பெருநகரில் பாதிகூட வராது. அங்கிருந்து ஓர் உலகக் கோப்பைக்கு ஆள் திரட்டும்போது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு தரமான ஆள் என்பது நடக்காத காரியம். ஒருவரை இரண்டு இடத்துக்குக் கணக்குப் போட்டால்தான் பட்டியல் நிறையும். 1998இல் பயிற்சியாளர் பிளாஷெவிச் முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்த மரியோ ஸ்டானிச்சை வலது ஓரத்தில் மேலும் கீழும் ஓடவிட்டார். அது கையில் இருந்ததை வைத்துச் சமைத்தது.

அதன் இன்றைய பதிப்பு யோஷ்கோ குவார்டியோல். 2021 ஜூன் 28, கோபன்ஹேகன், ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் ஐந்துக்கு மூன்று என்று தோற்ற யூரோ ஆட்டம். விடாவின் வழக்கமான ஜோடி லோவ்ரென் தடையில். நடுவில் விடாவும் சாலேடா-சாரும். லெஃப்ட் பேக்கில் பத்தொன்பது வயது குவார்டியோல். அடுத்த ஆண்டே கத்தாரில் அந்தப் பையன் மூக்குடைந்து முகமூடி போட்டுக்கொண்டு நடுவில் ஆடினான், விடா பெஞ்சுக்குப் போனார், குரோஷியா மூன்றாமிடம். பிறகு மான்செஸ்டர் சிட்டி அவனை வாங்கி மறுபடி இடதுபக்கம் போட்டது. 2024 ஏப்ரலில் ரியல் மாட்ரிட் வீட்டில் வலது காலால் தூரத்திலிருந்து ஒன்று போட்டானே, அந்தக் கோல்.

ஒரே விதமான திறமை. சிட்டியில் அதற்குப் பெயர் நவீன கால்பந்து. விடாவிடம் இருந்தபோது அதற்குப் பெயர் ஒட்டுப்போடுதல்.

நேரடி உதை:

குவார்டியோலையும் விடாவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். குவார்டியோல் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டுவார். விடா அப்படிப் போனால் அரங்கமே கண்ணை மூடிக்கொள்ளும். 2018 பிப்ரவரி, மியூனிக். பெஷிக்டாஷ் போய் ஒரு மாதம்தான். பயர்னோடு சாம்பியன்ஸ் லீக். 16ஆவது நிமிடத்தில் லெவன்டோவ்ஸ்கியைக் கவிழ்த்துச் சிவப்பு அட்டை. மீதி நேரம் பத்துப் பேர். ஐந்துக்குச் சுழியம். இது பெரிய மேடையில் அவர் தரம்.

கணக்குப்பிள்ளை:

அதே ஆண்டு ஜூலை 15, அதைவிடப் பெரிய மேடை. பிரான்ஸோடு இறுதி. 28ஆவது நிமிடம், மோட்ரிச்சின் ஃப்ரீ கிக் பாக்ஸுக்குள் தலை தலையாகத் தாவி வருகிறது. கடைசியில் பெரிசிச்சுக்குத் தட்டிவிட்டவர் விடா. பெரிசிச் இடது காலால் போட்டார். ஐந்து மாத இடைவெளியில் இரண்டும் அதே ஆள்தான்.

பழைய ஸ்டாப்பர்:

நேரடி உதை தம்பி, சிவப்பு அட்டை வாங்காத ஸ்டாப்பர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு. அவன் ஆளைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடா பந்தோடு அழகாக ஆடுகிறவன் இல்லை. தலை, தோள், நேரம், ஓட்டம், இவைதான் அவன் மூலதனம். மற்றதெல்லாம் பக்கத்தில் இருப்பவன் தலையில். அதனால்தான் லோவ்ரெனோடு நன்றாகப் பொருந்தியது என்று நினைக்கிறேன். இரண்டு பேருமே சண்டைக்காரர்கள், இரண்டு பேருக்கும் முன்னால் பந்தை வாங்கிக்கொள்ள மோட்ரிச்சும் ப்ரோசோவிச்சும் இருந்தார்கள். பந்தைக் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவன் அப்பா ருடிகாவும் ஒசியெக்கில் ஆடியவர், முன்களம். கோல் போடுகிற அப்பாவுக்குக் கோல் தடுக்கிற பிள்ளை.

மஞ்சள் சட்டை:

தலைமேல் பந்து வந்தால் விடுவதில்லை என்பது அப்பா வழிச் சொத்தாக இருக்கும் அண்ணே.

இன்னொரு விடா கதை. 2020 நவம்பர், இஸ்தான்புல், துருக்கியோடு நட்பு ஆட்டம். தலைவர் பட்டையோடு முதல் பாதி ஆடினாரா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை, ஆனால் முதல் பாதி முழுக்க ஆடினார். இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போனால் கொரோனா பரிசோதனை முடிவு காத்திருக்கிறது. பாசிட்டிவ்! அப்படியே தனிமை. ஆட்டம் மூன்றுக்கு மூன்று. நாற்பத்தைந்து நிமிடம் அவர் மார்க் செய்த துருக்கி ஆட்டக்காரர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தான்:

நெருங்கி மார்க் பண்ணாதே என்று பயிற்சியாளர் சொல்லவேண்டிய ஒரே ஆட்டம்.

பழைய ஸ்டாப்பர்:

பந்துக்காரா, உனக்கு இந்த ஆள்மேல் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் 2012 யூரோவில் ஸ்பெயின் ஆட்டத்தைப் பார். கதான்ஸ்க் ஊரில் நடந்தது. பிலிச் ஒரு வேலை செய்தார். விடாவை ரைட் பேக்கில் போட்டு, அணித்தலைவர் ஸ்ர்னாவை, அவரும் ரைட் பேக்தான், ஒரு படி முன்னால் நிறுத்தினார். வலது ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பூட்டு. ஸ்பெயினின் இடதுபக்கம் ஆல்பாவும் இனியெஸ்டாவும் வருவார்கள் என்று போட்ட கணக்கு. 23 வயசு விடா.

பந்துக்காரன்:

இன்றே பார்க்கிறேன் அண்ணே.

நேரடி உதை:

யோசித்துவிட்டு வந்தேன். சிமிச் விஷயத்தில் நான் சொன்னது எனக்கே திருப்பியடிக்கிறது. சரி, “ஆறுதல்” என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பாராட்டு என்றும் சொல்லமாட்டேன். அது ஒரு வேலை. கூலி குறைந்த வேலை. சென்டர் பேக்காக மட்டும் நிற்பவனைப் பார்த்து “அவன் இடத்தில் வேறு ஆளைப் போடாதே” என்பார்கள். இவரை மாதிரி ஆட்களிடம் “நீ கொஞ்சம் நகர்ந்துக்கோ” என்பார்கள். ஒவ்வொரு நகர்வும் அணிக்கு லாபம், ஆளுக்கு நட்டம். அப்படி நகர்ந்தே நூறு ஆட்டம் தாண்டினார் என்பதுதான் எனக்கு இப்போது ஆச்சரியம்.

பந்துக்காரன்:

ஸ்பெயின் ஆட்டம் பார்த்துவிட்டேன்.

பூட்டு பிரமாதமாக வேலை செய்கிறது. முதல் பாதியில் ஸ்பெயின் அந்தப் பக்கம் வந்து வந்து திரும்பிப் போகிறது. ஆனால் அதே பிரிவின் இன்னோர் ஆட்டத்தில் இத்தாலி முன்னிலை எடுத்துவிட்டது, குரோஷியாவுக்குக் கோல் வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டியதும் பிலிச் மாற்று இறக்குகிறார். முன்களத்துக்கு யெலாவிச் உள்ளே. வெளியே யார்? விடா. ஸ்ர்னா பின்னால் தன் பழைய இடத்துக்கே நகர்கிறார். 88ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் நவாஸ் கோல் போடும்போது விடா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நேரடி உதை, உங்கள் “கூலி குறைந்த வேலை”க்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

பழைய ஸ்டாப்பர்:

ஆமாம் தம்பி. நன்றாக ஆடியவனைத்தான் வெளியே கூப்பிட்டார்கள். கோல் வேண்டும் என்றால் முதலில் எழுந்து வருவது இரண்டாவது பூட்டுதான். எனக்கும் நடந்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, உட்காரச் சொல்வார்கள்.

அவன் எப்படிப் போய் உட்கார்ந்தான், பார்த்தாயா?

பந்துக்காரன்:

பார்த்தேன் அண்ணே. ஓடியே வெளியே வந்தார். நடக்கவில்லை.